விட்டுட்டேன்

"ஏறலண்ணே," உலகம்மா சொல்லுதா. டிரைவர் சீட்டுல உக்காந்துக்கிட்டு, தலைய வெளிய நீட்டாம உள்ள இருந்தே சொல்லுதா. முள்ளு அவ கண்ணுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது, தெறந்து நிக்கிற பானெட்டு மறைக்கி. அவ பாக்கவேண்டியது ஆயில் கேஜு முள்ளு. நான் பாக்கவேண்டியது டேப்பட் மூடியக் கழட்டிப் போட்டுட்டுத் தெறந்து கெடக்குற எஞ்சின் தலை. அங்க முள்ளு ஏறணும், இங்கன எண்ணெய் வந்து கொப்புளிக்கணும், ரெண்டும் நடந்தாத்தான் பிளக்க மாட்டலாம், ஸ்டார்ட் பண்ணலாம். மூணு வருசம் செத்துக் கெடந்த எஞ்சின். பேரிங்கு புதுசு, பிஸ்டன் புதுசு, பம்பு புதுசு, எல்லாம் நான் என் கையால கோத்தது. ஆனா உள்ள எல்லாம் காய்ஞ்சு கெடக்கு. அடியில சம்புல நாலு லிட்டர் எண்ணெய் கெடந்து என்ன புண்ணியம், பம்பு அத உறிஞ்சி மேல ஏத்தணும், சந்து பொந்தெல்லாம் நனைக்கணும். அதுக்குத்தான் பிளக்கு நாலையும் கழட்டி, காயில் ஒயர உருவி வச்சிட்டு, சும்மா செல்ஃப மட்டும் அடிச்சுச் சுத்த விடுதது. எரியாம சுத்தும். பத்து எண்ணுத வரைக்கும் அடிக்கணும், ஒரு நிமிசம் ஆறப் போடணும், மறுபடி அடிக்கணும். ரெண்டாவது தடவையில ஏறிரும், மிஞ்சிப்போனா மூணாவதுல. இப்ப ரெண்டு முடிஞ்சிருச்சு. "ஒரு நிமிசம் ஆறட்டும்மா"ங்கேன். "சரிண்ணே"ங்கா. மழைன்னும் சொல்ல முடியாத சாரல், குத்தாலத்துப் பக்கத்துலருந்து வந்து தகரத்துல விழுது. விழுற சத்தமே இல்ல, எல்லாம் நனைஞ்சிருக்கிறது மட்டும் தெரியுது. மத்தியானம் மூணு மணிக்கு இப்பிடி ஒரு இருட்டு. நாய் ஒண்ணு வாசல்ல வந்து நின்னு காரப் பாத்துட்டு உள்ள வராமத் திரும்பிப் போவுது. மூதி, தெனமும் இந்தக் காருக்கு அடியிலதான படுத்துக் கெடக்கும்.

பம்புக்குள்ள வாசலின் அடைச்சேனா? அடைச்சேன். புதுப் பம்ப வறட்டு வறட்டுன்னு மாட்டினா அது எண்ணெய உறிஞ்சாது, காத்தத்தான் உறிஞ்சும். அதனால மாட்டுததுக்கு முன்னாலயே உள்ள எண்ணெய் விட்டு, பல் சந்துல வாசலின அப்பி, அப்புறந்தான் மாட்டணும். அடைச்சேன். வெரல்ல வழவழன்னு இருந்தது நெனப்பிருக்கு, பனியன்ல தொடச்சது நெனப்பிருக்கு. ஆனா அது இந்தப் பம்புதானா? இருபத்தஞ்சு வருசமா அடைக்கேன், எத்தன பம்பு, எல்லாத்துக்கும் ஒரே வழவழப்பு. போன செவ்வாக்கெழம மாட்டினேன். செவ்வாக்கெழம காலைல டீ குடிச்சேன், பம்பு அட்டப்பெட்டியப் பிரிச்சேன், அப்பம் ஒரு ஆளு ஸ்கூட்டர்ல வந்து கிளட்ச் கேபிள் கேட்டான், குடுத்தேன், திரும்பி வந்தேன், வந்து அடைச்சேனா, இல்ல அடைச்சிட்டுத்தான் கேபிள் குடுக்கப் போனேனா? கேபிள்ல வாசலின் ஒட்டியிருந்துதா? அந்த ஆளு கையத் தொடச்சானா? சே, என்ன பொழப்பு இது. கோமதிநாயகம் ஒர்க்ஷாப்னா தென்காசியில ஒரு மரியாத உண்டு, எஞ்சின் வேலைக்கு செங்கோட்டையிலருந்து தேடி வாரான், அந்தக் கோமதிநாயகம் இங்கன நின்னுக்கிட்டு வாசலின் அடைச்சனா இல்லையான்னு வெரல மோந்து பாக்கேன். அடைச்சிருப்பேன். மறக்கமாட்டேன். இந்த ஒரு காருக்கு மறக்கவே மாட்டேன். மறந்திருந்தா என் தங்கச்சிய அந்த சீட்டுல உக்கார வப்பனா? "அடிம்மா"ங்கேன். சாவி திரும்புது. உர்ருன்னு ஒரு உறுமல், அதோட நாலு பிளக்கு ஓட்டையும் ஹுஸ்ஸு ஹுஸ்ஸுன்னு மூச்சு விடுது. ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு, அந்த வரிசையில. பிளக்கு இல்லாத எஞ்சின் அப்பிடித்தான் சத்தம் போடும், எனக்குத் தெரியாதா. ஆனா இந்த மூச்சு படுத்துக் கெடக்குற மனுசன் மூச்சு மாதிரி இருக்கு. எட்டு, ஒம்பது, பத்து. "போதும்." நின்னுருச்சு. கடைசியா ஒரே ஒரு ஹுஸ்ஸு, பைய, சுத்தல் நின்னதுக்குப் பொறவு வந்துச்சு. "ஏறலண்ணே."

மூச்சு விடுதது. எண்ணெய் விடுதது. பாழாப்போன அந்த ஒரு வார்த்த, எங்க போனாலும் முன்னால வந்து நிக்கி. மூணு வருசத்துக்கு முன்ன, அன்னைக்கும் வெள்ளிக்கெழம. பத்தரைக்கு ராகுகாலம். இதே காரு, இதே எஞ்சின், இதே மாதிரி சாரல். எஞ்சின முழுசாப் பிரிச்சுக் கோத்து முடிச்சிருந்தோம், நானும் தவமணியும். தவமணி உலகம்மாளோட வீட்டுக்காரன், எனக்கு மாப்ள, ஒர்க்ஷாப்ல எனக்குப் பார்ட்னர், காரும் அவன் காருதான், சீசனுக்கு சவாரி ஓட்டுவான். ராகுகாலத்துக்கு முன்னால ஸ்டார்ட் பண்ணிரணும்னு நான் ஒத்தக் கால்ல நின்னேன். கோத்த எஞ்சின நல்ல நேரத்துலதான் எழுப்பணும், அது எனக்கு ஒரு வெறி, இன்னைக்கும் பாத்துட்டுத்தான் அவள வரச் சொல்லியிருக்கேன். மணி பத்து இருவது. பம்ப முந்தின நாள் சாயங்காலம் மாட்டினது அவன். நான் கையக் கழுவிக்கிட்டே கேட்டேன், "மாப்ள, பம்புக்கு எண்ணெய்?" அவன் காருக்கு அடியில படுத்திருந்தான், செருப்பு ரெண்டும் மட்டும் வெளிய தெரிஞ்சுது. அடியிலருந்து சத்தம் வந்துச்சு, "விட்டுட்டேன் மச்சான்." அம்புட்டுத்தான். அதுக்குப் பொறவும் ஏதோ சொன்னான். ஒரு பஸ்ஸு ஹாரன் அடிச்சுக்கிட்டே போச்சு, கேக்கல. கேக்கலதான். நான் பதிலுக்கு என்னமோ சொன்னேன். என்ன சொன்னேன்னு நெனப்பில்ல. அவன் எந்திரிச்சு வந்து மண்ணத் தட்டிட்டு சீட்டுல உக்காந்தான், நான் சூடம் கொளுத்தினேன், அவன் சாவியத் திருப்பினான், பிடிச்சிருச்சு, ஒரே அடியில. "மச்சான், முள்ளு ஏறல"ன்னான். "ஓட ஓட ஏறிரும், போயிட்டு வா"ன்னேன். கேஜு பழசு, மூணு தடவ பொய் சொல்லியிருக்கு அந்தக் கேஜு. போனான். ஆய்க்குடி விலக்கு வரைக்கும் போனான். அங்க வச்சு எஞ்சின் பிடிச்சிருச்சு. பிடிச்சிருச்சுன்னா ஸ்டார்ட் ஆனது இல்ல, உள்ள பேரிங்கு காய்ஞ்சு உருகிக் கிராங்கோட ஒட்டிக்கிச்சு. ஓடுற வண்டி நடுரோட்டுல கட்டி வச்ச மாதிரி நின்னுச்சு. பின்னால ஜல்லி லாரி.

என்ன நடந்துச்சுன்னு கேக்க வந்தவங்க எல்லாருக்கும் நான் ஒரே பதில்தான் சொன்னேன். விசாரிக்க வந்த ஏட்டய்யாட்ட சொன்னேன், தவமணி அப்பா திருமங்கலத்துலருந்து வந்து திண்டாடி நின்னப்பம் அவர்ட்ட சொன்னேன், உலகம்மாட்ட சொன்னேன். "பம்புக்கு எண்ணெய் விட்டியான்னு கேட்டேன், விட்டுட்டேன்னாரு, நம்பி ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன்." ஒரு வார்த்த பொய் இல்ல. கூட்டவும் இல்ல, கொறைக்கவும் இல்ல. எந்தக் கோயில்ல வேணும்னாலும் அடிச்சு சத்தியம் பண்ணுவேன். கேட்டவன் ஒவ்வொருத்தனும் தலைய ஆட்டினான். பாவம், மறந்துட்டு விட்டதா நெனச்சிட்டாரு போலன்னாங்க. பம்பப் பிரிச்சுப் பாத்தப்பம் உள்ள ஒரு பொட்டு எண்ணெய் இல்ல, வெயில்ல போட்ட பாத்திரம் மாதிரி காய்ஞ்சு கெடந்துச்சு, அதையும் எல்லாரும் பாத்தாங்க. அவன் மறதிதான்னு ஆயிப்போச்சு. நான் ஆக்கல, தன்னால ஆயிருச்சு. பதினாறாம் நாள் உலகம்மா அழுகாம ஒண்ணு சொன்னா, இன்னும் காதுக்குள்ள கெடக்கு. "ஒரு சொட்டு எண்ணெய் விடத் துப்பில்லாத மனுசன், என்னயும் சேத்துல்ல கவுத்துட்டாக." அன்னையிலருந்து அவன் படத்த அவ மாட்டல. பெருசு பண்ணி, சட்டம் போட்டு, நானே வாங்கிக் குடுத்த படம், பீரோவுக்குப் பின்னால செவத்தப் பாத்துத் திரும்பி நிக்கி. கேட்டா, "கவனமில்லாத ஆளுக்கு மால என்னத்துக்கு"ங்கா. ராத்திரி படுக்குததுக்கு முன்ன கேஸ மூடியாச்சான்னு மூணு தடவ போயித் திருகிப் பாக்கா. "நானும் அவுகள மாதிரி ஆயிரக் கூடாதுல்லா"ங்கா. நான் சோத்தப் பெசஞ்சுக்கிட்டே கேட்டுக்கிட்டிருப்பேன். எறங்காது. ஆனா சாப்புட்டுருவேன். சாப்புட்டுட்டு வந்துருவேன்.

"அண்ணே, இந்த வைப்பரு என்ன இப்பிடிப் பண்ணுது?" கேக்கா. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சாவி திரும்புத ஒவ்வொரு தடவையும் வைப்பரு பாதிக் கண்ணாடி வரைக்கும் ஏறுது, செல்ஃபு கரண்ட இழுத்ததும் அப்பிடியே நின்னுருது. "சுவிட்சு ஆன்ல கெடக்கும்மா"ங்கேன். யாரு போட்டான்னு அவ கேக்கல. நான் போடல. நசுங்கின பின்பக்கத்துக்கு டிங்கர் வேல பாத்தவன் போடல, அவனுக்குப் பேட்டரியே குடுக்கல. அன்னைக்கு சாரலுக்குத் தவமணி போட்டது. மூணு வருசமா அது போட்டபடியே கெடந்திருக்கு, கரண்டு வந்ததும் விட்ட எடத்துலருந்து தொடைக்கி. சீட்டும் அப்பிடித்தான். அவன் உசரத்துக்குப் பின்னால தள்ளி வச்ச சீட்டு, தண்டவாளம் துருப்பிடிச்சு முன்னால வரமாட்டேங்குது, முதுகுக்கு ஒரு தலகாணிய முட்டுக் குடுத்துத்தான் உலகம்மா உக்காந்திருக்கா. லைசென்சு எடுத்துட்டா. இந்த சீசனுக்கு அவளே சவாரி ஓட்டப்போறா, ஸ்டேஷன்லருந்து அருவிக்கு. "அவுக காரு துருப்பிடிச்சுக் கெடக்க வேண்டாம்ணே, ஓடட்டும்"ன்னா. எனக்குப் பகீர்னு இருந்துச்சு. ஆனா எப்பிடி மாட்டேன்னு சொல்ல? நாலாவது தடவ. "அடி." உர்ரு. ஹுஸ்ஸு, ஹுஸ்ஸு. கன்னத்துல காத்து அடிக்கி, வெதுவெதுன்னு. சூடே ஆவாத எஞ்சின்லருந்து எப்பிடி வெதுவெதுன்னு காத்து வரும்? அமுக்கின காத்து சூடாத்தான் இருக்கும்ல, கோட்டிக்காரா, நீயே எத்தன பேருக்குச் சொல்லிக் குடுத்திருப்ப. பத்து. "ஏறல." டேப்பட்டுப் பக்கம் குனிஞ்சு பாக்கேன், வால்வ அமுக்குத ராக்கரு எல்லாம் காய்ஞ்சு சாம்பக் கலர்ல நிக்கி. காருக்கு அடியில குனிஞ்சு பாக்கணும், சம்பு நட்டுல கசிவிருக்கான்னு பாக்கணும். பாக்கல. அடியில குனிஞ்சு பாக்க எனக்கு மனசு வரல. செருப்பு ரெண்டு கெடக்குமோன்னு ஒரு நெனப்பு. கெடக்காது. அந்தச் செருப்ப நாந்தான் கொண்டுபோயி ஆத்துல போட்டேன்.

வேற எதையாச்சும் நெனப்போம். நல்லதா நெனப்போம். உலகம்மா கல்யாணத்த நெனப்போம். பந்தியில நாந்தான் மாப்ளைக்குப் பரிமாறினேன். எங்க வீட்ல எல்லாத்துக்கும் விடுறதுதான், சாம்பார் விடு, மோர் விடு, எலைக்கு நெய் விடு. ஊத்துறதுங்கிற வார்த்தையே எங்கம்மாவுக்கு ஆகாது, மாட்டுக்குத்தான் கழனித்தண்ணி ஊத்துவாங்கன்னு சொல்லுவா. நான் வாளியோட போயி, "ரசம் விடட்டா மாப்ள?"ன்னேன். அவன் எலையப் பாத்தான், என்னப் பாத்தான், "விட்டுட்டா நான் எதச் சாப்புடுறது மச்சான்? ஊத்துங்க"ன்னான். பந்தியே சிரிச்சுது. உலகம்மா பக்கத்து எலையில மூஞ்சியக் கவுத்துக்கிட்டு, மால குலுங்கக் குலுங்கச் சிரிச்சா. அப்பமிருந்து அது வீட்டுக் கேலியாவே ஆயிப்போச்சு. அவன் ஊத்துன்னா நாங்க விடுன்னு சொல்லணும், நாங்க விடுன்னா அவன் காதப் பொத்திக்கிட்டு "விட்டுறாதீங்க, விட்டுறாதீங்க"ன்னு கத்தணும். பதினோரு வருசம் தென்காசித் தண்ணி குடிச்சும் அந்த ஒரு வார்த்தையில மட்டும் அவன் திருமங்கலத்துக்காரனாவே இருந்தான். டீசல் ஊத்து, ஆசிட் ஊத்து, எண்ணெய் ஊத்து. ஒர்க்ஷாப்ல ஒரு நாளைக்கு நூறு தடவ கேட்டிருப்பேன், "ஊத்திட்டேன் மச்சான்"னு. ஊத்திட்டேன் மச்சான். ஊத்திட்டேன். ஐயோ, நான் எத நெனைக்கேன், நல்லத நெனைக்கப் போயி எங்க வந்து நிக்கேன். எந்தப் பக்கம் போனாலும் சுத்தி இந்த எடத்துக்கே வருது. "அண்ணே, நிமிசம் ஆச்சு. அடிக்கட்டா?" "அடி." இது அஞ்சாவது.

ஏறல. அஞ்சு தடவ அடிச்சும் ஏறலன்னா என்ன அர்த்தம்? பம்பு காத்த உறிஞ்சுது. வாசலின் அடைக்கல. இல்ல அடைச்சும் ஏறல. இல்ல எண்ணெய் வருது, முள்ளுதான் பொய் சொல்லுது. முள்ளு பொய் சொல்லுதுன்னு நான் இன்னொருக்கா நெனைக்கக் கூடாது, அது மட்டும் கூடாது. டிஸ்ட்ரிபியூட்டரக் கழட்டி, ஓட்டை வழியா டிரில்ல விட்டு பம்ப நேராச் சுத்தலாம். அரைமணி நேர வேல. மணி என்ன? மூணு இருவது. இன்னைக்கு வெள்ளிக்கெழம, மூணு மணியிலருந்து நாலரை எமகண்டம். ஐயோ, எமகண்டம்லா! மத்தியானம் ரெண்டரைக்குத்தான நான் வரச் சொன்னேன், நல்ல நேரத்துலயே முடிச்சிருக்கணும், வந்தவ சேலையச் செருகி, தலகாணி தேடி, லேட்டாயிப்போச்சு. கவனிக்காம எமகண்டத்துக்குள்ள எறங்கிட்டேன். வேண்டாம், இன்னைக்கு வேண்டாம்னு சொல்லிருவமா? எல்லாத்தையும் கழட்டுவோம், சம்ப எறக்குவோம், பம்பப் பாப்போம், அரைமணி இல்ல, அரைநாள் ஆனாலும் ஆவட்டும். கழட்டிருவமா? யாரு சொன்னா இத? நான்தான் நெனச்சேன். என் மனசுதான் சொல்லுச்சு. ஆனா என் கொரல் இல்ல. இந்த மூணாவது ஓட்டைக்குள்ள இருந்து வந்துச்சு, சாரல் காத்து உள்ள போயி ஊதுது, புட்டி வாயில ஊதுன மாதிரி ஊ-ன்னுது, அதுக்குள்ள ஒரு மனுசன் வாய்க்குள்ளயே பேசுத மாதிரி கேக்கு. துணிய எடுத்து ஓட்டைய மூடுதேன். சத்தம் நின்னுருச்சு. துணி மட்டும் மேல ஏறி எறங்குது. எஞ்சின் சுத்தல. யாரும் அடிக்கல. துணி ஏறுது, எறங்குது. காத்துதான். காத்துதான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டா?"ங்கா. "கேளு." "அன்னைக்கு அவுக சொன்னத ஒருக்கா சொல்லேன். அப்பிடியே சொல்லு, அவுக வாயில வந்த மாதிரி." துணியிலருந்து கைய எடுக்காமச் சொல்லுதேன், "விட்டுட்டேன் மச்சான்னாரு. அம்புட்டுத்தான்." மூணு வருசமாச் சொல்லுத அதே சொல்லு. எப்பமும் அதுக்குப் பொறவு அவ ஒரு பெருமூச்சு விடுவா, வேற பேச்சுப் பேசுவா. இன்னைக்கு விடல. பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல இருக்குற சந்து வழியா அவ கண்ணு மட்டும் தெரியுது, பாதித் தொடச்ச கண்ணாடிக்கு அந்தப் பக்கம். "காலைல நீ போன் பண்ணி, எண்ணெய் விட்டுட்டேன், கெளம்பி வான்னல்லா"ங்கா. "ஆமா." "போன வச்ச பொறவு அடுப்படியிலயே நின்னுட்டேன். என்னமோ நெஞ்சுல இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. என்னன்னு பிடிபடல. இப்ப இந்த சீட்டுல உக்காந்து அடிக்க அடிக்கத்தான் பிடிபடுது. அவுக வாயில எண்ணெய் விட்டுட்டேன்னு வருமாண்ணே?" நான் துணிய இன்னும் அழுத்திப் பிடிக்கேன். "பதினோரு வருசம் சோறு போட்டவ நான். ரசம் ஊத்தும்பாக, மோர் ஊத்தும்பாக, தலைக்கித் தண்ணி ஊத்துடின்னு கத்துவாக. அவுக ஊத்தியிருந்தா ஊத்திட்டேன்னுதான சொல்லியிருப்பாக? விட்டுட்டேன்னா அவுகளுக்கு விட்டுட்டதுதான். ஊத்தாம விட்டுட்டேன்னுல்லாண்ணே உங்கிட்ட சொல்லியிருக்காக? மறைக்கலியே. உள்ளதச் சொல்லியிருக்காகளே." கொரல்ல கோவமே இல்ல. கணக்குப் போட்டு விடை வந்த பிள்ள மாதிரி சொல்லுதா. வாய்க்குள்ள ஒரு பதில் தயாரா நிக்கி, எனக்கு எங்க வீட்டுப் பேச்சுதானம்மா காதுல விழும், நான் அதத் தப்பா எடுத்துட்டேன், ரெண்டு பேரு மேலயும் தப்பில்லன்னு. நல்ல பதில். அவ நம்பிருவா. எங்கண்ணன் பாவம்னுகூடச் சொல்லுவா. மூணு வருசமா அந்தப் பதில எனக்கு நானே சொல்லிப் பழகி வச்சிருக்கேன்.

நான் வாயத் தெறக்குததுக்குள்ள அவ சாவியத் திருப்பிட்டா. அடின்னு நான் சொல்லல. எண்ணவும் இல்ல. உர்ருன்னு சுத்துது, துணி பறந்து என் மூஞ்சியில வந்து அடிக்கி, நாலு ஓட்டையும் மூச்சு விடுது, எட்டு, ஒம்பது, பத்து, அவ விடல, பதினஞ்சு, "போதும்மா, செல்ஃபு போயிரும்"ங்கேன், கேக்கல, இருவது. அப்பம் வந்துச்சு. கடைசி ராக்கர் ஓரத்துல ஒரு சின்னக் குமிழி, தேன் கலர்ல. குமிழி ஒடைஞ்சு வழிஞ்சுது. பக்கத்து ராக்கர், அதுக்குப் பக்கத்துது, வரிசையா ஒவ்வொண்ணா நனையுது, சாம்பக் கலரெல்லாம் பளபளன்னு ஆவுது, சத்தமே மாறிப்போச்சு, கரகரப்பு அடங்கி மெத்துன்னு சுத்துது. அடைச்சிருக்கேன். வாசலின் அடைச்சிருக்கேன், இந்த ஒண்ணுலயாச்சும் நான் தப்புப் பண்ணல. "ஏறிருச்சு"ங்கா. அண்ணேன்னு சொல்லல. சாவிய விட்டா. நின்னுச்சு. எண்ணெய் மட்டும் சொட்டுச் சொட்டா உள்ள எறங்குத சத்தம். இந்தச் சத்தம் அன்னைக்குக் கேட்டிருந்தா அவன் இப்பம் வீட்ல ஊத்து ஊத்துன்னு கத்திக்கிட்டிருப்பான். அரைமணி நேரம். ராகுகாலம் வந்துரும்னு ஒரு அரைமணி நேரம் எனக்குப் பெருசாப் போச்சு. அந்த நல்ல பதில் வாய்க்குள்ளயே கெடக்கு. பஸ்ஸு ஹாரன் அடிக்கல அன்னைக்கு. பஸ்ஸே போகல. பத்து இருவதுக்கு எந்தப் பஸ்ஸும் கெடையாது இந்த ரோட்டுல, எனக்குத் தெரியாதா. "உலகு"ங்கேன். பானெட்டுக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, அவ மூஞ்சியப் பாக்காம, எண்ணெயப் பாத்துக்கிட்டே சொல்லுதேன். "கழட்டிருவமான்னும் கேட்டாரு. விட்டுட்டேன் மச்சான், கழட்டிருவமா, அரைமணி நேரந்தான்னாரு. எனக்கு நல்லாக் கேட்டுச்சு." சாரல் விழுது. "நீ என்ன சொன்ன?"ன்னா. எங்கூர்ல எதுக்கெடுத்தாலும் சொல்லுத பேச்சுதான அது, காய்கறி சொத்தையா இருந்தாலும் சொல்லுவோம், கரண்டு போனாலும் சொல்லுவோம், என் வாயில அது வராத நாளே கெடையாது, மூணு வருசமா ஒரு நாளுகூட நான் அதச் சொல்லல, ஏன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. "சவத்த விடுன்னேன்."

கதவத் தெறந்து எறங்குதா. தலகாணி கூடவே வந்து கீழ விழுது, அத எடுக்கல. சேலை முந்தானைய உதறிச் செருகுதா. அடிப்பாளோன்னு நெனைக்கேன், அடிச்சாத் தேவல. கத்துவாளோ, மண்ண வாரித் தூத்துவாளோ, எதாச்சும் பண்ணட்டும். பக்கத்துல வந்து நின்னு, "ஆணி ஒண்ணு குடு"ங்கா. எனக்கு வெளங்கல. "ஆணியா?" "ஆணி. செவத்துல அடிக்கிறது. அவுக படத்த மாட்டணும்." டப்பாவுல கை விட்டுத் தேடுதேன், நட்டு, போல்ட்டு, வாசரு, எல்லாம் இருக்கு, ஆணி கையில வரமாட்டேங்குது, வெரல்ல எண்ணெய் வழுக்குது. ரெண்டு இஞ்சு ஆணி ஒண்ணு கெடச்சுது, பனியன்ல தொடச்சு நீட்டுதேன். என் வெரல் படாம நுனியப் பிடிச்சு எடுத்துக்கிடுதா. "நான் வந்து அடிச்சுத் தாரேன்"ங்கேன். "வேண்டாம்"னா. "எனக்கு அடிக்கத் தெரியும்." குடைய எடுக்காம சாரல்ல எறங்கிப் போறா, ரோட்டத் தாண்டுதா, திரும்பிப் பாக்கல. நாய் அவ பின்னாலயே போவுது. நான் நிக்கேன். செய்யுததுக்கு வேல இருக்கு, பிளக்க மாட்டணும், மூடிய மாட்டணும், காயில் ஒயரச் செருகணும், இல்லன்னா உள்ள சாரல் தண்ணி எறங்கிரும். டிரைவர் பக்கம் போயி வைப்பர் சுவிட்ச அணைக்கேன், அதையாச்சும் செய்வோம்னு. சாவியப் பாக்கேன், அணைஞ்சுதான் இருக்கு. கேஜப் பாக்கேன். எஞ்சின் நின்னு அஞ்சு நிமிசத்துக்கு மேல ஆச்சு, நின்னா அடுத்த நொடியே முள்ளு கீழ வந்துரணும். முள்ளு மேலயே நிக்கி. கேஜு பழசுன்னு சொல்லிக்கிடப் பாக்கேன். கண்ணாடிய வெரலால ஒருக்காத் தட்டினேன். எறங்கல.